மதில் இருந்தால் மூடிய முறைமையா?

தங்கச்சி, சிறைச்சாலையை 'மூடிய முறைமை', அதாவது வெளியுலகத்தோட தொடர்பில்லாத அமைப்பு, எண்டு ஒப்படையில எழுதினதுக்கு விரிவுரையாளர் சுழிச்சு விட்டார், ஏன் எண்டு கேட்டிருக்கிறீங்க. அவர் சுழிச்சது சரிதான். மதில் வேற, முறைமை வேற.

உள்ளுக்கு எத்தனை பேர் இருப்பினம் எண்டதை சிறை அத்தியட்சகரா தீர்மானிக்கிறார்? பொலிஸ் ஆரைப் பிடிக்குது, நீதவான் பிணை குடுக்கிறாரா, பிடிபட்ட போதைப்பொருள் மாதிரியான சான்றுகளைச் சோதிக்கிற அரச பகுப்பாய்வாளரின்ர அறிக்கை எப்ப வருது, இதுகள்தான் தீர்மானிக்குது. அறிக்கை பிந்தினால் விளக்கமறியல் நீளும், சிறைக்கூடு நிரம்பும்.

'மூடிய' எண்டது ஒரு பார்வை. விதி, பதவிப்படி, கட்டளை இதுகளை மட்டும் வச்சு நிறுவனத்தை விளங்கப் பாக்கிறது. முகாமைத்துவம் எழுதின டெய்லர், சமூகவியலாளர் வெபர் அந்தப் பக்கம். 'திறந்த' பார்வை வேற: 1966இல உளவியலாளர்கள் காட்ஸும் கானும் உள்ளீடு, மாற்றம், வெளியீடு, பின்னூட்டம் எண்டு வெளியுலகத்தையும் சேர்த்துப் பாத்தினம்.

திருகோணமலையில இருந்து எழுதுற நீங்க மொழியை விடவே கூடாது. நான் ஒருக்கா பொலிசில முறைப்பாடு குடுக்கப் போனன். நான் தமிழில சொல்லச் சொல்ல அலுவலர் சிங்களத்தில எழுதினார், கையெழுத்து வையுங்கோ எண்டார். வச்சன். நான் சொன்னது முழுக்க அதில இருந்ததா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளீடு வாசலிலேயே உருமாறிப் போற இடம் அது.

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது உள்ளுக்கு இருக்கிற தகவல் வெளியில வாறதுக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுங்கோ. பொலிசிட்டயும் எழுதிக் கேக்கலாம். 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும்.

திறந்ததா மூடியதா எண்டு எழுதாம, எந்தக் கதவு ஆருக்கு எவ்வளவு திறக்குது எண்டு மாத்தி எழுதுங்கோ.