டிவியிலிருந்து கழற்றிய எல்இடி பட்டைக்கு எந்த பவர் சப்ளை?

பழைய டிவியில் திரைக்குப் பின்னாலிருந்து கழற்றிய எல்இடி பட்டை 12 வோல்ட் அடாப்டரில் ஏன் எரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வோல்டேஜ் போதவில்லை, அவ்வளவுதான். சுருளாக விற்கும் 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் உறுப்பு) வீதம் இருக்கும். டிவி பட்டையில் பெரும்பாலும் எல்லாமே ஒரே தொடராக இருக்கும், ரெசிஸ்டரே கிடையாது.

வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட். பத்து இருந்தால் 30. ஆனால் சில டிவிகளில் 6 வோல்ட் வகையும் வரும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெஞ்ச் சப்ளை (வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் நாமே திருகி அமைக்கும் பவர் சப்ளை) கிடைத்தால் கரண்ட்டை 20 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி வோல்டேஜை மெல்ல ஏற்றுங்கள். எல்லாம் எரிந்து, வோல்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் நிற்குமே, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு கரண்ட்டில் அதைவிடச் சற்றுக் கூடும்.

இதற்கு அடாப்டர் சரிப்படாது, கரண்ட்டை மாறாமல் வைத்திருக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் எல்இடி டிரைவர்தான் வேண்டும். லேபிளில் ‘24–42 வோல்ட், 300 மில்லிஆம்பியர்’ என்பதுபோல் இருக்கும். நீங்கள் குறித்த எண் அந்த வரம்பின் நடுவில் விழுந்தால் நல்லது. கரண்ட்டைப் பொறுத்தவரை, டிவியில் ஓடியதில் பாதியே தாராளம். கண்ணுக்கு வெளிச்சம் அவ்வளவாகக் குறைந்து தெரியாது, சூடு நன்றாகக் குறையும். எப்படியும் அலுமினியத் தகட்டில் ஒட்டிவிடுங்கள்.

ஐசோலேஷன் (மெயின்ஸ் மின்சாரத்திலிருந்து வெளியீட்டைப் பிரித்து வைக்கும் அமைப்பு) இல்லாத மலிவு டிரைவர் மட்டும் வேண்டாம். பட்டையைத் தொட்டால் மெயின்ஸ் ஷாக்தான்.