ஒரே மெட்டு, இரண்டு மொழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மதுரை வாசகர்): நேனா பாடிய '99 லுஃப்ட்பலான்ஸ்' ஜெர்மன் பாட்டின் நேரடி மொழிபெயர்ப்புதானா '99 ரெட் பலூன்ஸ்'? எதை முதலில் கேட்கலாம்?

பதில்: நேரடி மொழிபெயர்ப்பு இல்லை. 1983-இல் மேற்கு ஜெர்மனியில் வந்த மூலப் பாடல் வரிகளை எழுதியவர், பாடகியின் பெயரையே கொண்ட 'நேனா' இசைக்குழுவின் கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ். வானில் போகும் பலூன்களைப் பறக்கும் தட்டுகள் என்று நினைத்து ஒரு தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். கடைசியில் 99 ஆண்டுப் போர். கெவின் மெக்அலே எழுதிய ஆங்கில வரிகளில் பொம்மைக் கடையில் பலூன் வாங்குவதும், கணினிக் கோளாறால் எச்சரிக்கை எழுவதும் புதிதாகச் சேர்ந்தவை. சிவப்பு நிறமும் அப்படித்தான். ஜெர்மன் தலைப்பைப் பாட ஏழு அசை வேண்டும். ஆங்கிலத்தில் 'ரெட்' இல்லையென்றால் ஐந்துதான் வரும், மெட்டில் இடம் காலியாக நிற்கும்.

1984-இல் ஆங்கிலப் பதிவு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவிலோ ஜெர்மன் பதிவே இரண்டாம் இடம் வரை ஏறியது. ஜெர்மனையே முதலில் கேளுங்கள். அந்த மெட்டு அந்தச் சொற்களுக்காகப் பிறந்தது. கதையும் அதில்தான் தெளிவாக நகர்கிறது.

கேள்வி (கோவை வாசகி): பீட்டில்ஸ் ஜெர்மனில் பாடியபோது பழைய இசைத்தடத்தின் மேலேயே பாடினார்களா?

பதில்: ஒரு பாட்டில் ஆம், மற்றதில் இல்லை. 1964 ஜனவரி 29, பாரிஸில் பாதே மார்க்கோனி ஸ்டூடியோ. 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டின் ஜெர்மன் வடிவமான 'கொம், கிப் மிர் டைனே ஹாண்ட்' பதிவுக்கு, லண்டனில் 1963 அக்டோபரில் நான்கு தட நாடாவில் பதிந்த வாத்தியங்களின் நகலை எடுத்துப் போனார்கள். அதன்மேல் குரலும் கைத்தட்டலும் ஏறின. 'ஷி லவ்ஸ் யூ' பாட்டுக்கு அது முடியவில்லை. அதன் இரண்டு தட மூல நாடா அதற்குள் அழிந்திருந்தது. எனவே 'ஸீ லீப்ட் டிஷ்' பாட்டுக்கு டிரம், கிதார் உட்பட எல்லாவற்றையும் புதிதாக வாசித்தார்கள்.

ஹெட்ஃபோனில் இரு மொழிப் பதிவுகளையும் அடுத்தடுத்து ஓட்டி, குரலை விட்டுவிட்டுக் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். முதல் பாட்டில் ஒரே வாசிப்பு, இரண்டாவதில் வேறு வாசிப்பு. இரண்டும் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் கிடைக்கின்றன.

கேள்வி (சென்னை வாசகர்): ஜெர்மன் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் 'தி மேன்-மெஷின்' (1978) ஆல்பத்தை ஜெர்மனில் வாங்க நினைத்தேன், வந்தது ஆங்கிலப் பதிப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அட்டைப் படத்தை நம்பாதீர்கள், பாடல் பட்டியலைப் படியுங்கள். 'டி ரோபோட்டர்', 'தஸ் மோடெல்', 'நியோன்லிஷ்ட்' என்றிருந்தால் ஜெர்மன். 'தி ரோபோட்ஸ்', 'தி மாடல்', 'நியான் லைட்ஸ்' என்றால் ஆங்கிலம். விற்பவர் ஒரு பகுதியை ஒலிக்கவிட்டால் 'மாடல்' பாட்டைக் கேளுங்கள். 'ரோபோட்ஸ்' பாட்டில் வரும் ரஷ்ய வரிகள் இரு பதிப்புகளிலும் உண்டு, அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. 2009 பெட்டித் தொகுப்பு வேண்டுமானால் 'டேர் கட்டலோக்' ஜெர்மன், 'தி கேட்டலாக்' ஆங்கிலம். 1974-இன் 'ஆட்டோபான்' பாட்டுக்கு அவர்கள் ஆங்கிலப் பதிவு செய்யவில்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.