தவறணையில் ‘தவறு’ இல்லை

கேள்வி: கள்ளு விற்கும் இடத்தைக் கள்ளுத் தவறணை என்கிறோமே, அது ‘தவறு’ என்ற சொல்லில் இருந்து வந்ததா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: குடியை வெறுப்பவர்களுக்குப் பிடித்த விளக்கம்தான், ஆனால் சரியில்லை. போர்த்துக்கேயரின் ‘தவேர்னா’ நம் வாயில் தவறணை ஆயிற்று. ‘ர்னா’ என்ற மெய்க்கூட்டு தமிழ் நாவுக்கு ஒவ்வாது. நடுவில் ஓர் உயிர் நுழைந்தது. ஈற்று ‘ஆ’, ‘ஐ’ ஆனது. மேசா மேசையானதும் கதெய்ரா கதிரையானதும் இப்படித்தான். சிங்களத்தில் இதே சொல் ‘தெபேரும’ போல ஒலிக்கும்.

எழுதும்போது ‘தவரணை’, ‘தவறனை’ என்று பிழை விடுவார்கள். வல்லின றகரமும் டண்ணகரமுமே வழக்கு. ‘கள்ளுத் தவறணை’ என்பதில் தகர ஒற்று மிகும். பனையடியில் சீவுபவரிடமே வாங்கிக் குடிக்கும் இடம் தவறணை ஆகாது. அனுமதி பெற்று, இருந்து குடிக்க விற்கும் இடத்துக்கே அந்தப் பெயர். போத்தலை வாங்கிக்கொண்டு போகும் கடையைச் சாராயக்கடை என்பதே பொருத்தம். தமிழகத்தாருக்கு எழுதினால் ‘கள்ளுக்கடை’ என்று போடுங்கள், தவறணை அங்கே விளங்காது.

இன்னும் பழைய சொல் வேண்டுமா? பட்டினப்பாலையில் ‘நறவு நொடைக் கொடி’ பறக்கிறது. நறவு கள், நொடை விற்பனை. அக்காலத்து விளம்பரப் பலகை அது.