கஞ்சாவை அனுமதித்தால் குற்றம் குறையுமா? கேள்விகளும் ஒரு வழக்கறிஞரின் பதில்களும்

சென்னையில் கஞ்சா வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜராகிறவன் நான். ஜெர்மனி 2024 ஏப்ரலில் அனுமதித்துவிட்டது, நாம் ஏன் கூடாது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருவான்மியூர், ஐடி ஊழியர்: சார், நேரடியாகவே கேட்கிறேன். அனுமதித்தால் குற்றம் குறையுமா, குறையாதா?

வழக்கு குறையும். வெட்டுக்குத்து குறையும் என்று என்னால் சொல்ல முடியாது. வைத்திருந்தாலே குற்றம் என்ற பிரிவை எடுத்துவிட்டால், அதில் பதிவாகும் வழக்குகள் தாமாகவே நின்றுவிடும். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சாவை அனுமதித்த பிறகு அதுதான் நடந்தது. ஆனால் நம் ஊரில் நடக்கும் செயின் பறிப்பும் ஏரியா தகராறும் அந்தப் பிரிவால் வந்தவை அல்ல. கஞ்சா விற்கிறவனுக்கு அது ஒரு வருமானம். அது போனால் போதை மாத்திரை, கந்துவட்டி, கட்டப்பஞ்சாயத்து என்று அடுத்த வருமானத்தைத் தேடுவான்.

தாம்பரம், கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் குறைந்தது என்று ஆய்வே இருக்கிறதே அண்ணா?

இருக்கிறது தம்பி, முழுதாகப் படியுங்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்த பிறகு மெக்சிகோ எல்லையோர மாநிலங்களில் வன்முறைக் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்தது என்கிறது. மெக்சிகோ கடத்தல் கும்பல்களின் வியாபாரம் அடிபட்டதுதான் காரணம் என்று விளக்குகிறது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, முழுதாக அனுமதித்த கொலராடோவையும் வாஷிங்டன் மாநிலத்தையும் எடுத்துப் பார்த்தது. வன்முறையிலும் சரி, திருட்டிலும் சரி, நீண்ட கால மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. ஆக, கஞ்சாவுக்காகவே துப்பாக்கி தூக்கும் கும்பல் இருக்கிற இடத்தில் பலன் கிடைக்கலாம். சென்னை அப்படிப்பட்ட ஊர் இல்லை.

பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: டாஸ்மாக் மாதிரி அரசே விற்றால் கள்ளச்சந்தை ஒழியாதா?

ஐயா, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2003 முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனை முழுதும் அரசின் கையில் இருக்கிறது. இருந்தும் 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கு மேல் போனார்கள். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். அரசுக் கடை இருக்கும்போதே ஏன் அதை வாங்கினார்கள்? குவாட்டரைவிட மலிவு. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பே கைக்குக் கிடைத்தது. கூலி வேலை செய்கிறவனுக்கு இந்த இரண்டும் போதும்.

கஞ்சாவுக்கும் இதே கணக்குதான். கலிஃபோர்னியாவில் வரியை ஏற்றினார்கள், பல ஊர்கள் கடையே வேண்டாம் என்றன, கள்ளச்சந்தை இன்றைக்கும் கொழிக்கிறது. கனடாவில் விலை இறங்கிய பிறகுதான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அனுமதி பெற்ற கடைக்கு வந்தார்கள். அதாவது கள்ளச்சந்தையை ஒழிக்க வேண்டுமானால் கஞ்சாவை மலிவாக, எளிதாகக் கிடைக்கும்படி விற்க வேண்டும். நம் தெருக்களில் அப்படி விற்க நான் சம்மதிக்க மாட்டேன். டாஸ்மாக் வருமானத்தை விட முடியாமல் அரசு தவிப்பதை ஒருமுறை பார்த்தது போதும்.

அம்பத்தூர், வாசகர்: சரி, அப்படியென்றால் இப்போதைய சட்டமே போதும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை தண்டனை. அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகலாம். இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது ஆண்டு. அப்புறம் ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்புதான்.

நான் பார்க்கிற வழக்குக் கட்டுகளில் 'ஒரு கிலோ நூறு கிராம்' என்ற எடை அடிக்கடி வருகிறது. அந்த நூறு கிராமில்தான் ஒரு பையனின் வாழ்க்கையே புரள்கிறது. சட்டம் 'கஞ்சா' என்று சொல்வது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனியைத்தான். நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. ஆனால் பிடித்த பையைப் பிரித்தால் தண்டு, விதை, காய்ந்த இலை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், அப்படியே எடை போட்டிருப்பார்கள். எதை எடை போட்டீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்கும் நாள் வருவதற்குள் அந்தப் பையன் மாதக்கணக்கில் புழல் சிறையில் இருந்திருப்பான். உள்ளே அவனுக்குக் கிடைக்கிற சகவாசம் முழுநேர ரவுடிகளுடையது. குற்றம் குறைய வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவர்கள் இங்கேதான் கை வைக்க வேண்டும். புகைக்கிறவனை ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள், விற்கிறவனை விடாதீர்கள். போர்ச்சுகல் 2001-இல் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. விற்பனை அங்கே இன்றும் குற்றம்தான், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தால் சிறை இல்லை.

மயிலாப்பூர், வாசகி: தமிழ்நாடு மட்டும் தனியாக அனுமதிக்க முடியுமா?

முடியாது. கஞ்சாவைத் தடை செய்வது மத்தியச் சட்டம். மேலும் சரக்கு பெரும்பாலும் ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது, ஒரு மாநிலம் மட்டும் தனியாக முடிவெடுத்துப் பயனில்லை.

வேளச்சேரி, வாசகர்: தாய்லாந்து?

2022-இல் திறந்துவிட்டார்கள், கட்டுப்படுத்த ஒழுங்கான சட்டம் இல்லாமலே. 2025-இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திரும்பிவிட்டார்கள். அவசரப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நாடு அது.

புளியந்தோப்பு, ஒரு தாய்: என் மகன் பிளஸ் டூ முடித்தவன். பொட்டலம் வாங்கிப் புகைக்கிறான். போலீசிடம் சொன்னால் திருந்துவானா, கேஸ் ஆகிவிடுமா? பயமாக இருக்கிறது வக்கீல் சார்.

அம்மா, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். அதனால் சேர்க்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நண்பனுக்கு வாங்கிக் கொடுத்தான் என்று வந்தால் இந்தப் பிரிவு உதவும் என்று நம்பியிருக்க முடியாது, அது விற்பனைப் பக்கம் போய்விடலாம். இதை அவனிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்.