வீட்டுச் சுவர்கள் வைஃபையைத் தடுப்பது ஏன்? அவை பாதுகாப்பும் தருமா?

வைஃபை என்பது ரவுட்டரிலிருந்து நாலாபுறமும் பரவும் ஒருவகை வானொலி அலை. அது சுவரில் பட்டதும் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. ஒரு பகுதியைச் சுவரே உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதே அடுத்த அறைக்குப் போய்ச் சேர்கிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள் இருப்பதால், கூடத்தில் முழுச் சிக்னல் காட்டும் கைப்பேசி பின்கட்டுக்குப் போனதும் ஒற்றைக் கோட்டுக்கு இறங்குவது இயல்பே. புதிய அடுக்ககங்களில் சுவர் மெலிதானாலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் அலையைத் திருப்பிவிடுகின்றன. மழையில் ஈரம் ஊறிய சுவர் இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

பக்கத்துத் தெருத் திருமணத்தில் தவிலின் அதிர்வு சுவர் தாண்டிக் கேட்கும், நாதசுவரத்தின் நுணுக்கமோ மங்கிவிடும் அல்லவா? அதுபோலவே அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து ஓரளவு தொலைவு செல்லும்; அதிர்வெண் கூடிய, இணைய வேகம் மிகுதியாகத் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே தொலைவிலுள்ள அறைக்கு முன்னதே ஏற்றது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைப்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

சுவர் கனமாக இருந்தால் வெளியார் நம் இணைப்பை எட்ட முடியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சன்னல், மரக்கதவு வழியே அலை தெருவுக்குக் கசிகிறது, நம் கைப்பேசிக்கு எட்டாத மெல்லிய சிக்னலையும் திறன்மிக்க ஆன்டெனா பிடித்துவிடும் என்பதால், காப்பது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 (வைஃபையின் பாதுகாப்பு முறைகள்) குறியாக்கமும் நீளமான கடவுச்சொல்லும்தான்.