ஷாக்கில் எத்தனை கிளிக்? – கேள்வி பதில்

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் என்றாலே பெங்களூரில் எங்கள் அல்சூர் பட்டறையில் கேள்விகள் குவிந்துவிடும். போனில் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. வந்ததையெல்லாம் சேர்த்து, கேட்டவர்களின் ஊர் பெயரோடு இங்கேயே பதில் எழுதுகிறேன். ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் துள்ளலை எண்ணெயால் அடக்குவது. கிளிக் என்றால் அதன் திருகு நகரும் ஒரு படி.

ஜாலஹள்ளி: அண்ணா, ஷாக்கில் ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்று ரெண்டு திருகு இருக்கு. ஹேர்பின் வளைவுக்கு லோ, நேர்ப்பாதைக்கு ஹை, சரிதானே?

இல்லை தம்பி. அது காரின் வேகம் இல்லை, ஷாக்குக்குள் பிஸ்டன் நகரும் வேகம். பிரேக் மிதிக்கும்போது மூக்கு இறங்குவதும், வளைவில் உடல் சாய்வதும் மெதுவான அசைவு. பொதுவாக நொடிக்கு 50 மி.மீ.க்குள் இருக்கும். அதுதான் லோ ஸ்பீடு. கெர்ப்பில் (தடத்தின் ஓர மேட்டில்) சக்கரம் ஏறினால் ஷாக்கின் தண்டு சடாரென்று உள்ளே போகிறதே, அது ஹை ஸ்பீடு. 150 கி.மீ. வேகத்தில் வழவழப்பான ரோட்டில் போகும் காரில் லோ ஸ்பீடு வால்வுதான் வேலை செய்யும். 40-இல் போனாலும் குழியில் விழுந்தால் ஹை ஸ்பீடு.

டிரைவர் “கார் மந்தமா திரும்புது” என்றால் லோ ஸ்பீடைப் பாருங்கள். “கெர்ப்பில் ஏறினா தூக்கி எறியுது” என்றால் ஹை ஸ்பீடு பம்ப்பை (தண்டு உள்ளே போகும்போது வரும் எதிர்ப்பை) தளர்த்துங்கள்.

ஒசூர்: முன்பக்கம் எத்தனை கிளிக், பின்பக்கம் எத்தனை கிளிக் வைக்கணும்?

உங்கள் ஸ்பிரிங் என்ன, எடை என்ன, டயர் என்ன என்று எதுவும் எழுதவில்லையே. நம்பர் சொன்னால் அது ஜோசியம். இப்போது நான்கு ஷாக்கும் எத்தனையில் இருக்கிறது என்று முதலில் எண்ணி எழுதுங்கள். திருகை முழுக்க மூடி, அங்கிருந்து திறந்துகொண்டே எண்ண வேண்டும். மூடும்போது விரல் நுனி பலம் மட்டும். நின்றால் விட்டுவிடுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவர் ரீபவுண்டு திருகை (உள்ளே போன தண்டு திரும்ப வெளியே வருவதை அடக்குவது) கொறடு வைத்து இறுக்கிவிட்டு ஷாக்கை எடுத்து வந்தார். பிரித்தேன். எண்ணெய் போகும் வழியை அடைக்கும் ஊசியின் முனை நசுங்கியிருந்தது, அது உட்காரும் இடத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. எண்ணெயைத் தட்டில் ஊற்றினால் சாம்பல் நிறத்தில் மினுமினு என்று உலோகத்தூள். முதல் நான்கு கிளிக்குக்கும் ஷாக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் ஒரு சீசன் முழுக்க அதைத் திருகித் திருகி லேப் டைம் தேடியிருக்கிறார்.

ஃபிரேசர் டவுன்: பெங்களூரிலேயே எல்லாம் செட் பண்ணி, டிரெய்லரில் ஏத்திட்டுப் போறோம். அங்கே போனா கார் வேற மாதிரி இருக்கு.

இருக்கத்தான் செய்யும். நாம் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல் மட்டம். காற்றழுத்தம் கூடுவதால் இங்கே வைத்த டயர் காற்றின் அளவு அங்கே கேஜில் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும். அப்புறம் சென்னை வெயில் ஏறினால் டயர் சூடாகி அளவு திரும்ப மேலே போகும். ஷாக் எண்ணெயும் சூட்டில் இளகும். பெங்களூர் காலைக் குளிரில் விறைப்பாக இருந்த ஷாக் அங்கே மதியம் தொளதொள என்றிருக்கும். ஆகவே டயர் காற்றை அங்கே வைத்துப் பாருங்கள், அதன் பிறகுதான் ஷாக் பக்கம் கை போக வேண்டும்.

பனஸ்வாடி: எஃப்1 ஆக்டிவ் சஸ்பென்ஷன் நமக்கு வருமா?

கம்ப்யூட்டர் சொல்படி தானே சரிசெய்துகொள்ளும் அந்த சஸ்பென்ஷன், 1992-இல் மான்செல் ஃபார்முலா 1 பட்டம் வென்ற வில்லியம்ஸ் காரில் இருந்தது, 1994-இலிருந்து தடை. நம் பட்ஜெட்டில் அதைப் பேசுவதில் பயன் இல்லை.

கே.ஆர்.புரம்: கார் ரொம்பச் சாயுது. ஷாக்கை இறுக்கினா சாய்வு குறையும்தானே?

குறையாது. சீரான நீண்ட வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங், ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி), ஈர்ப்பு மைய உயரம் இவைதான் தீர்மானிக்கும். ஷாக் அசைந்தால்தான் எதிர்ப்புக் கொடுக்கும். கார் சாய்ந்து நின்றுவிட்டால் ஷாக் சும்மா இருக்கிறது. அது தீர்மானிப்பது எவ்வளவு சீக்கிரம் சாய்கிறது என்பதை மட்டும்.

கே.ஆர்.புரம், மறுபடி: அண்ணா, ஒத்துக்க முடியல. நான் நாலு கிளிக் இறுக்கினேன், சாய்வு குறைஞ்சதை வீடியோவிலேயே பார்த்தேன்.

எந்த இடத்தில் என்று எழுதுங்கள். இடது வலது என்று அடுத்தடுத்துத் திரும்பும் இடமாக இருந்தால் நீங்கள் பார்த்தது உண்மை.

ஜாலஹள்ளி: அப்போ அவர் சொல்றதும் சரிதானே? நீங்க ‘குறையாது’ன்னு அடிச்சுச் சொன்னீங்களே.

சரி, இதை முழுதாகப் பேசிவிடுவோம். பந்தயக் காரின் உடல் நொடிக்கு 2 முறை ஊசலாடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து முடிய கால் நொடி. நான்கு நொடி வளைவு என்றால் ஷாக்கின் வேலை முதல் அரை நொடியிலேயே முடிந்துவிடும்; மிச்ச மூன்றரை நொடி ஸ்பிரிங்கும் பாரும்தான். ஆனால் திருப்பம் கால் நொடியிலேயே எதிர்ப்பக்கம் மாறினால், முழுதாகச் சாயவே நேரம் இல்லை. அங்கே இறுக்கிய ஷாக் சாய்வைத் தடுத்துவிடும். கே.ஆர்.புரம் தம்பி அங்கே சரி. நான் ‘நீண்ட வளைவில்’ என்று சொன்னதும் சரி.

ஆனால் அந்த நான்கு கிளிக்குக்கு விலை உண்டு. ரீபவுண்டு அளவுக்கு மீறினால், ஒரு மேட்டில் உள்ளே போன சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் வெளியே வராது. மேட்டுக்கு மேடு கார் தாழ்ந்துகொண்டே போய் பம்ப் ஸ்டாப்பில் (தண்டு அடிவரை போகாமல் தடுக்கும் ரப்பரில்) உட்காரும், பிடி போய்விடும். ஷாக் தண்டில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி, ஓட்டி வந்ததும் அது எதுவரை தள்ளப்பட்டு நிற்கிறது என்று பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு கிளிக் திறந்து மறுபடி ஓட்டுங்கள்.

கே.ஆர்.புரம்: வளையம் அடியிலதான் இருந்துச்சு.

எழுதியதற்கு நன்றி. இரண்டு திறங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

விவேக் நகர்: பிரேக் மிதிச்சுக்கிட்டே திரும்பும்போது பின்னாடி உதறுது. எத்தனை கிளிக்?

டயர் காற்று பார்த்தீர்களா? பிரேக் பேலன்ஸ் (முன், பின் பிரேக்கின் பங்கீடு)? இரண்டும் சரி என்றால் பின் ரீபவுண்டை இரண்டு கிளிக் திறங்கள். பிரேக்கில் பின்பக்கம் மேலே எழும்போது இறுக்கமான ரீபவுண்டு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும்.

கே.ஜி.எஃப்.: கோ-கார்ட்டுக்கு எத்தனை கிளிக்?

கார்ட்டில் ஷாக்கே கிடையாது, ஸ்பிரிங்கும் இல்லை. சேஸிஸ் வளைந்து கொடுப்பதுதான் அங்கே சஸ்பென்ஷன். கார்ட் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: எத்தனை கிளிக்னு ஒரு பட்டியல் போடுங்களேன்.

மேலே ஒசூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

சிவாஜி நகர்: ஷாக் செத்துப் போச்சான்னு டிராக்கிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

நல்ல கேள்வி. ஷாக் அசைவைச் சூடாக மாற்றுகிற கருவி. கார் உள்ளே வந்த உடனே நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் டிஸ்க் பக்கத்திலேயே இருக்கும், கவனம். முன் இரண்டில் ஒன்று சுட, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால், வெதுவெதுப்பானது வேலை செய்யவில்லை. எண்ணெயோ உள்ளே அடைத்த நைட்ரஜன் வாயுவோ போயிருக்கும். அதைத் திருகிப் பிரயோஜனம் இல்லை. கழற்றி எடுத்து வாருங்கள், பிரித்துப் பார்க்கிறேன். எந்தக் கிளிக்கில் இருந்தது என்று எழுதி அதிலேயே ஒட்டி அனுப்புங்கள்.