ரப்பருக்குப் பூசுவதுபோல் நித்திய கல்யாணிக்கும் ஹார்மோன் தெளிக்கலாமா?

கேள்வி: ரப்பர் மரத்தில் எத்திபான் பூசினால் சிரட்டை நிறையப் பால் வடிகிறது. அதேபோல நித்திய கல்யாணிக்கும் ஏதாவது ஹார்மோன் தெளித்துப் புற்றுநோய் மருந்தைக் கூட்டலாமா? அரை ஏக்கரில் நட எண்ணியிருக்கிறேன்.
– வாசகர் ஒருவர், குலசேகரம்

பதில்: நல்ல கேள்வி ஐயா. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. மறுநாள் காலை ரப்பர் மரத்தின் வெட்டு வாயிலிருந்து ஒட்டுப்பாலை உரித்தெடுக்கிறீர்கள் அல்லவா? பால் உறைந்து அடைத்துக்கொண்டதன் மிச்சம் அது. எத்திபானிலிருந்து வரும் எத்திலீன் என்ற ஹார்மோன் அந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. பால் கூடுதல் நேரம் வடிகிறது.

நித்திய கல்யாணியில் மருந்துப் பொருள் உருவாவதை ஆட்டிவைப்பது ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன். தோவாளைச் சந்தைக்குக் கூடை கூடையாக வரும் பிச்சிப்பூவின் எண்ணெயில்தான் 1962-இல் அதன் ஒரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டைக் கண்டறிந்தார்கள். புழு இலையைக் கடித்ததும் செடிக்குள் ஜாஸ்மோனேட் பெருகும். அதுவரை ‘ஜாஸ்’ புரதங்கள் ‘மைக்2’ என்ற புரதத்தை அடக்கி வைத்திருக்கும். ஜாஸ்மோனேட் வந்ததும் ‘ஜாஸ்’ சிதைகிறது. விடுபட்ட ‘மைக்2’ ‘ஓர்கா3’ மரபணுவைத் தூண்டுகிறது. அது ஆல்கலாய்டு எனும் மருந்துப் பொருட்களை ஆக்கும் நொதிகளின் மரபணுக்களை எழுப்புகிறது.

அப்படியானால் தெளித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ‘ஓர்கா3’-ஐ மிகையாக இயக்கியபோதும் தேவையான எல்லா மரபணுக்களும் விழிக்கவில்லை. லோகனின் என்ற மூலப்பொருளை வெளியிலிருந்து ஊட்டிய பிறகே ஆல்கலாய்டு கூடியது. அதோடு நீங்கள் கேட்ட புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் உருவாகக் கேதரான்தின், வின்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகளும் இணைய வேண்டும். முன்னது இலையின் மேற்புற மெழுகில் சேர்கிறது, பின்னது இலைக்குள் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டியிருப்பது இதனால்தான். தவிர, ஜாஸ்மோனேட் மிகுந்தால் செடி தற்காப்பில் இறங்கி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும்; உங்களுக்கு இலைதானே விளைச்சல்!

எனவே ஹார்மோனுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இலையையோ வேரையோ வாங்குபவர் யார், என்ன விலை என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு நடுங்கள்.

இன்னொன்றைக் கேட்காமலே சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று நம் பக்கத்தில் இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் ஐயா. புற்று செல்லைக் கொல்லும் அதே பொருட்கள் எலும்பு மஜ்ஜையையும் நரம்பையும் தாக்கும். மருத்துவமனையில் அளவு பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே ஏற்றும் மருந்து அது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் அளக்க முடியாது.